வெறுந்தாளில் இட்ட ஒப்பு

மட்டாஞ்சேரியில் பாலஸ் ரோட்டுக்குப் பின்னால், சுக்குக் கிடங்குகளை ஒட்டிப் போகிற சந்தில் வெங்கிடேஸ்வரனின் வீடு. பட்டாளத்தில் இருபத்து நாலு வருஷம் கிளார்க்காக இருந்தவர். போனபோது சிப்பாய், வந்தபோது ஹவில்தார். நாயிப் சுபேதார் ஆகி வந்திருக்க வேண்டியவர், ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதுதான் கதை. அவர் நல்ல மனுஷன் என்பதற்காக அவர் செய்ததை மறைத்துச் சொன்னால் கதைக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை. அதனால் முழுசாகவே சொல்ல வேண்டும்.

பாட்டனார் பாலக்காட்டிலிருந்து கல்யாணச் சமையலுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அப்பாவும் கரண்டி பிடித்தவர்தான். பேரனுக்கு அடுப்பு வேண்டாம், தாளும் மையும் போதும் என்று அந்த வீட்டில் நினைத்தார்கள். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். பஞ்சாப், அஸாம், ஜபல்பூர் என்று ஊர் ஊராகப் போனாலும் அவருக்கு எல்லா ஊரும் ஒரே மேஜைதான். பட்டாளத்தில் கிளார்க்கை 'பாபு' என்பார்கள். இந்தப் பாபுவை ஆட்களுக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிற கடிதம், பொண்டாட்டி பேர் சேர்க்கிற மனு, எது கேட்டாலும் சாயா ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுவார். பதிலுக்கு யாரிடமும் ஒரு பீடிகூட வாங்கியதில்லை.

அங்கே வருஷா வருஷம் ஒவ்வொரு ஹவில்தாரைப் பற்றியும் மேலதிகாரி ஓர் அறிக்கை எழுதுவார். இவன் எப்படி வேலை செய்கிறான், இவனை நம்பலாமா, பதவி உயர்வு கொடுக்கலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். நல்லதாக எழுதினால் பேச்சில்லை. குறை எழுதினால் மட்டும் அந்த ஆளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்ட வேண்டும். 'எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, தெரிந்துகொண்டேன்' என்று அச்சடித்த தாளில் அவன் ஒப்புப் போட வேண்டும். ஒப்பு என்றால் கையெழுத்து, இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சட்டம் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் அறிக்கை எழுதுகிற மாதமும் ஆட்கள் ஊருக்குப் போகிற மாதமும் ஒன்று. இரண்டு மாத லீவில் ஒருவன் போய்விட்டால் அவன் ஃபைல் இரண்டு மாதம் கிடக்கும். மேலிடத்திலிருந்து ஏச்சு வரும். ஏச்சு கடைசியில் பாபுவின் தலையில்தான் விழும். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். லீவுக்குப் போகிறவனிடம் முதலிலேயே அந்தத் தாளில் வெறுமனே ஒப்பு வாங்கி வைத்துக்கொள்வது. ஒப்புப் போட்டால்தான் லீவு பாஸ். போடுகிறவனுக்கு ரயில் நினைப்பு, குழந்தை நினைப்பு. எந்தத் தாள், எதற்கு என்று ஒருவனும் கேட்டதில்லை. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நல்லதாகவே எழுதுவார்கள், அந்தத் தாள் வேண்டியிருக்காது, பாபு கிழித்துப் போட்டுவிடுவார். பத்தாவது ஆளுக்கு என்ன ஆகும் என்று அவர் நினைத்ததே இல்லையா? நினைத்தார். நினைத்துவிட்டு, அது அதிகாரியின் வேலை, நம் வேலை ஃபைல் நகர்வது என்று விட்டுவிட்டார். சோற்றில் கிடக்கிற கல் அன்றைக்கே பல்லில் படும். தாளில் கிடக்கிற கல் யார் பல்லை, எந்த வருஷம் உடைக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

இதே மனுஷன் இன்னொரு விஷயத்தில் வளையாதவர். புதிதாக வந்த மேஜர் தன் வீட்டுத் தோட்டம் வெட்ட நாலு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆட்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று எழுதுகிற பதிவேட்டில் 'ஆபீஸ் வேலை' என்று எழுதச் சொன்னார். வெங்கிடேஸ்வரன் 'மேஜர் ஸாப் வீட்டுத் தோட்டம்' என்று எழுதினார். மேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது, ஆட்கள் அங்கேதானே போனார்கள் ஸார் என்றார். மேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நல்ல சிரிப்பு என்று இவர் எடுத்துக்கொண்டார்.

அது 2015. மே மாதக் கடைசியில் அம்மாவுக்கு முடியவில்லை என்று ஃபோன் வந்தது. அன்று சாயங்கால ரயிலுக்கே லீவு எழுதிக்கொண்டார். கூடவே லீவுக்குப் போகிற ஐந்து பேரிடம் ஒப்பு வாங்கினார். ஆறாவது தாளில் தானே போட்டார். தான் ஏற்படுத்திய வழக்கத்தைத் தனக்கு மட்டும் தளர்த்துகிறவர் அல்ல அவர். ஆறு தாளையும் ஃபைலில் வைத்துக் கட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். ஜூன் நாலாம் தேதி அம்மா போனாள். மொட்டைத் தலையோடு காரியங்களை முடித்து, ஜூலையில் திரும்பிப் போய் மறுபடி மேஜையில் உட்கார்ந்தார். மேஜர் அதற்குள் அறிக்கைகளை மேலே அனுப்பிவிட்டு மாற்றலாகிப் போயிருந்தார்.

மறு வருஷம் நாயிப் சுபேதார் பட்டியல் வந்தது. அவருக்கு இளையவர்கள் இரண்டு பேர் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. எழுதிக் கேட்டார். பதில் கடிதத்தை அவரே கவர் கிழித்துப் படித்தார், தபாலைப் பிரிப்பது அவர் வேலைதானே. வேலையில் திறமை உண்டு, ஆனால் நம்பத்தகாதவர், பதவி உயர்வுக்குத் தகுதி இல்லை. அந்த மேஜர் எழுதிய இந்தக் குறைகள் 2015 ஜூன் பதினாலாம் தேதி அவருக்கு நேரில் படித்துக் காட்டப்பட்டு, கையெழுத்தும் பெறப்பட்டிருக்கிறது. இவ்வளவுதான் கடிதம். ஜூன் பதினாலு அவருடைய அம்மாவின் பதினொன்றாம் நாள்.

முறைப்படி மேலே ஒரு மனு போட்டார். உன் கையெழுத்து இருக்கிறதே என்று தள்ளினார்கள். அதற்கும் மேலே போட்டார், தில்லிவரை போயிற்று, அதே பதில். 2018இல் ஹவில்தாராகவே காலம் முடிந்து அனுப்பிவிட்டார்கள்.

மட்டாஞ்சேரி சின்ன இடம். இருபத்து நாலு வருஷம் இருந்தும் இவ்வளவுதானா என்று சமூஹ மடத்துச் சாப்பாட்டுப் பந்தியிலேயே ஒருவர் கேட்டார். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலைக்குப் போனார். பட்டாளத்துப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த மானேஜர், நல்ல நடத்தைக்குக் கீழ்த் தரம்தான் போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, சொல்லியனுப்புகிறேன் என்றார். சொல்லியனுப்பவில்லை. வெங்கிடேஸ்வரனுக்கு வேலை கிடைக்காததுகூடப் பெரிதில்லை. நம்பத்தகாதவர் என்ற அந்த ஒரு சொல்தான் அவரைத் தின்றது. காய்கறிக் கடையில் மீதி வாங்கும்போதுகூட, இவனுக்கும் அந்தச் சொல் தெரிந்திருக்குமோ என்று கடைக்காரன் முகத்தைப் பார்ப்பார். அதை அழித்துவிட்டுத்தான் சாவது என்று மனைவி சீதாலக்ஷ்மியிடம் சொன்னார். அவளும் அந்தச் சொல்லைக் கூடத்தில் உட்கார்ந்த விருந்தாளியைப் போல வருஷக்கணக்காகச் சகித்துக்கொண்டிருந்தவள்.

எர்ணாகுளத்தில் பட்டாளத்துக்காரர் வழக்குகளைக் கேட்கிற தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே வழக்காடுகிற ஸாதனா இந்தத் தெருவிலேயே வளர்ந்த பெண். தமிழ் பேச வரும், படிக்க வராது. காகிதம் எல்லாவற்றையும் பார்த்தவள் ஒருநாள் வீட்டுக்கே வந்தாள்.

"மாமா, ஒரு வழி உண்டு. அந்த ஒப்பு உங்களோடது இல்லைன்னு சொல்லிடலாம். அந்தத் தேதிக்கு நீங்க இங்கே தர்ப்பையும் கையுமா உட்கார்ந்திருந்தேள். காரியம் பண்ணி வெச்ச வாத்தியார் ஸாக்ஷி சொல்வார். பின்னே ஒப்பு யாரோ போட்டதுன்னுதானே வரும்."

"ஒப்பு என்னோடதாக்கும்."

"அது வேறே யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

உள்ளேயிருந்து சீதாலக்ஷ்மி வந்துவிட்டாள். "அவா அத்தனை பெரிய பொய் எழுதலாம், நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லப்படாதா? சொல்லிட்டு அம்பலத்திலே போய் நாலு தேங்காய் உடைச்சுட்டு வாங்கோ, நானும் கூட வரேன்."

அவர் அசையவில்லை. நம்பத்தகாதவன் என்ற சொல்லை அழிக்க, நம்பத்தகாத காரியத்தையே செய்தால் அழித்து என்ன பயன் என்று நினைத்தாரோ என்னவோ, வாய் திறந்து சொல்லவில்லை. அப்படியானால் வெறுந்தாளில் போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், அதை நிரூபிக்க, அதே மாதிரி போட்ட இன்னொருவன் வந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மனு நிற்காது என்றாள் ஸாதனா. அப்படி யாராவது பக்கத்தில் உண்டா?

உண்டு. அது அவருக்கு நன்றாகத் தெரியும். இசக்கிதுரை, சங்கரன்கோவில் பக்கத்து ஆள், அதே யூனிட்டில் ஹவில்தார். 2014இல் பட்டாளத்தை விட்டவர், எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை வாசலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்திருந்தார். வெங்கிடேஸ்வரன் ஒருமுறை வாளி வாங்கப் போனபோது தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்தான். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் கால் வைக்கவில்லை. ஏனென்றால் பத்தாவது ஆள் இசக்கிதுரை. 2011இல் அவருக்கு வேறோர் அதிகாரி எழுதிய குறை, லீவுக்குப் போகும்போது அவர் போட்டுக் கொடுத்த ஒப்போடு சேர்ந்து ஃபைலில் ஏறியது. சேர்த்துத் தைத்தது வெங்கிடேஸ்வரனின் கை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் இசக்கிதுரை, நமக்கு ஏன் பதவி உயர்வு வரவில்லை, பாபு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரகசிய அறிக்கை, வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். பாபு சட்டத்தைக் காப்பாற்றினார். அந்த மூன்று தீபாவளிக்கும் இசக்கிதுரை ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கொத்தையும் தின்றார்.

சீதாலக்ஷ்மியிடம் இதை அன்றுதான் சொன்னார். அவள் உள்ளே போய் இலை போட்டாள். பிறகு, போகாமல் இருக்க முடியாது, சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்று மட்டும் சொன்னாள். அவர் சாப்பிடவில்லை. போட் ஏறி எர்ணாகுளத்தில் இறங்கி நடந்தே போனார்.

இசக்கிதுரை தூரத்திலேயே அடையாளம் கண்டு எழுந்து நின்றுவிட்டார். பட்டாளத்து வழக்கம் அவ்வளவு லேசில் போகாது.

"என்ன பாபு, வழி தப்பி வந்துட்டீரா? மொட்டை வெயில்ல. இரும், சாயா சொல்லுதேன்."

சாயா வந்தது. வெங்கிடேஸ்வரன் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தன் கதையை முதலில் சொன்னார், அது சுலபம். அப்புறம் மற்றதைச் சொன்னார். என்ன எழுதியிருந்தது என்று இசக்கிதுரை கேட்டார். மேலதிகாரிக்குக் கீழ்ப்படியத் தயங்குபவர், குடித்திருந்ததாகச் சந்தேகம் என்று எழுதியிருந்ததாக வெங்கிடேஸ்வரன் சொன்னார். கடைக்குள்ளே யாரோ வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இசக்கிதுரை குடிக்கிறவர் அல்ல, அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"எம் பொஞ்சாதி ஒச்சம்மா என்ன சொல்லிக்கிட்டே இருந்தா தெரியுமா, பாபு? நீ அங்க குடிச்சிட்டு எவன் சட்டையவோ பிடிச்சிருப்ப, அதான் ஒனக்குக் கொடுக்கல, எங்கிட்ட மறைக்கன்னு. இல்ல பிள்ளைன்னு சத்தியம் பண்ணினேன். நம்பல. நம்பாமலே கண்ண மூடிட்டா. ரெண்டு வருசம் ஆச்சு."

வெங்கிடேஸ்வரன் ஆறிப்போன டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு வருசம் எம் முன்னாலயே ஒக்காந்திருந்தீரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே மனு போட்டிருப்பேன்லா."

"ஆமாம், துரை."

"இப்ப ஒமக்குத் தேவைன்னதும் வாய் தொறந்துட்டு."

"ஆமாம்."

ஆமாம் என்பதைத் தவிர அவரிடம் வேறு என்ன இருந்தது? இசக்கிதுரை இரண்டு பேருடைய டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்ச் சாயாக்கடையில் கொடுத்துவிட்டு வந்தார். நாளை மறுநாள் தனக்கு ஓய்வு நாள், வக்கீலம்மா ஆபீஸ் எங்கே என்று கேட்டார். உமக்காக இல்லை, நான் போட்டது வெறுந்தாளில் என்று நாலு பேர் முன்னால் பதிய வேண்டும், அவ்வளவுதான் என்றார். சொன்னபடி வந்து, சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வெங்கிடேஸ்வரன் பக்கம் திரும்பவில்லை.

நோய்க்காலம் வந்து எல்லாம் மூடிக் கிடந்தது. 2022இல்தான் மனு விசாரணைக்கு வந்தது. தீர்ப்பாயத்தில் இரண்டு பேர் உட்காருவார்கள், ஒருவர் நீதிபதி, ஒருவர் பட்டாளத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஸாதனா நன்றாக வாதாடினாள். பதினொன்றாம் நாள் காரியம் செய்த வாத்தியாரின் சீட்டு, ரயில் டிக்கெட், லீவு பாஸ் எல்லாம் காட்டினாள். ஒப்பு வாங்கிய தேதியில் ஆள் அங்கே இல்லை என்பது பளிச்சென்று தெரிந்தது. நீதிபதி தலையாட்டிக்கொண்டிருந்தார். சீதாலக்ஷ்மி பின்பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்தது, முடிந்தது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தப் பட்டாளத்துப் பெரியவர், வக்கீலிடம் கேட்காமல் நேராக வெங்கிடேஸ்வரனிடமே கேட்டார். இந்த வெறுந்தாள் வழக்கம் யார் கொண்டுவந்தது? அந்தந்தக் காலத்து அதிகாரிகள் சொன்னபடி நடந்தது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஸாதனா அந்த வரியை அவருக்குச் சொல்லிக் கொடுத்தும் இருந்தாள். இரண்டு பெஞ்சு தள்ளி இசக்கிதுரை உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் கொண்டுவந்தேன், ஸார்," என்றார் வெங்கிடேஸ்வரன். எத்தனை பேரிடம் வாங்கினாய் என்று கேட்டார்கள். கணக்கில்லை என்றார். அதில் எத்தனை பேருக்குக் கெடுதல் வந்தது? எனக்கு நினைவிருக்கிறது நாலு பேர், என்னைச் சேர்த்து ஐந்து என்றார்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அறிக்கை எழுதிய முறை தவறு என்று தீர்ப்பாயம் ஒத்துக்கொண்டது. ஆனால் அந்தத் தவற்றை உண்டாக்கியவரே அதைச் சுட்டிக்காட்டி நியாயம் கேட்க முடியாது என்று மனுவைத் தள்ளிவிட்டது. நம்பத்தகாதவர் என்ற சொல் இருந்த இடத்திலேயே இருந்தது. சீதாலக்ஷ்மி அவரை, வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு வரச் சொன்னாள், துக்க வீட்டுக்குப் போய் வந்தவரிடம் சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவருக்குச் சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை. அவள்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் செய்தவர் அவர்தானே.

அந்தத் தீர்ப்பின் நகலை இசக்கிதுரை ஸாதனாவிடம் கேட்டு வாங்கிப் போனார். மறு வருஷம் தன் பேரில் ஒரு மனு போட்டார். காலம் கடந்துவிட்டது என்று தள்ளப் பார்த்தார்கள். உண்மை தெரிந்த நாளிலிருந்துதான் காலக் கணக்கு என்று வாதாடி ஸாதனா அதை ஏற்கவைத்தாள். இசக்கிதுரைக்கு ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அந்தத் தாளை வெறுமையாக வாங்கியவர், குறையோடு சேர்த்துத் தைத்தவர். வெங்கிடேஸ்வரன் கேட்ட உடனே எழுதிக் கொடுத்தார். இப்படி எழுதிக் கொடுத்தால் உங்கள்மேலேயே நடவடிக்கை வரலாம், மாமா, பென்ஷனில் கை வைக்கலாம் என்று ஸாதனா எச்சரித்தாள். சீதாலக்ஷ்மி இந்தத் தடவை தடுக்கவில்லை. முந்திரிக்கொத்துத் தின்ன வாய்தானே, சொல்லட்டும் என்றாள்.

விசாரணை நாளில் அரசாங்க வக்கீல் எழுந்தார். சின்ன வயது, வேகமான இங்கிலீஷ். இந்த மனு முழுக்க ஒரே ஒரு ஆளின் பேச்சில் நிற்கிறது, அந்த ஆள் யார் என்று பாருங்கள் என்று ஒரு தாளை எடுத்துப் படித்தார். 2015ஆம் வருஷத்து அறிக்கை. வேலையில் திறமை உண்டு, நம்பத்தகாதவர். இந்தத் தீர்ப்பாயமே அதை நீக்க மறுத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் படித்தார்.

வெங்கிடேஸ்வரனுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். ஒரு எழுத்து விடாமல் காதில் விழுந்தது. அந்தச் சொல் தன் வயிற்றில் அடித்தது, தன் பெயரில் அடித்தது, அதையெல்லாம் அவர் தாங்கிப் பழகியிருந்தார். இன்று அது பக்கத்தில் இருப்பவன் தலையில் விழுவதைப் பார்த்தார். அவர் எழுந்து ஏதோ சொல்லப் போக, உட்காருங்கள் என்று நீதிபதி கையைக் காட்டினார். இசக்கிதுரையின் 2011 அறிக்கை அசலைப் பார்க்க வேண்டும் என்று வழக்கை ஓணத்துக்கு அப்புறம் தள்ளி வைத்தார்கள்.

வெளியே வராந்தாவில் நல்ல மழை. இசக்கிதுரைக்கு இங்கிலீஷ் அவ்வளவாகப் புரியாது. அந்தப் பையன் என்ன படித்தான் என்று கேட்டார். வெங்கிடேஸ்வரன் வார்த்தை மாற்றாமல் சொன்னார். ஸாதனா, வேறு யாராவது ஒரு சாட்சி கிடைத்தால் நல்லது, இவரை நம்பி மட்டும் போக முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். மற்ற மூன்று பேரில் ஒருவர் இறந்துபோனார், இரண்டு பேருக்கு எழுதிப் பதில் இல்லை.

"துரை, நான் வரது உனக்குக் கெடுதலாகும்போல இருக்கு," என்றார் வெங்கிடேஸ்வரன். "என் பேரை எடுத்துடச் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

இசக்கிதுரை மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் கழித்து அன்றுதான் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"அதெப்படி? அன்னைக்கும் ஒமக்குச் சௌகரியம்னு வாயை மூடினீரு. இன்னைக்கு எனக்குச் சௌகரியம்னு மூடப் பாக்கீரு. எனக்கு இருக்கது நீரு ஒருத்தருதான். நல்ல சாட்சியோ நாறின சாட்சியோ, அடுத்த தேதிக்கு வந்து நில்லும்."

அடுத்த தேதிக்கு வெங்கிடேஸ்வரன் முதல் போட்டுக்கே போனார். அதற்கடுத்த தேதிக்கும் போனார். அசல் அறிக்கை இன்னும் வந்து சேரவில்லை. நீதிபதி மாறிவிட்டார், வழக்கு தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. பென்ஷன் ஆபீஸிலிருந்து அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது, வெறுந்தாளில் கையெழுத்து வாங்கியதற்கு விளக்கம் கேட்டு. அதற்கும் பதில் எழுதிவிட்டார். நாலே வரிதான், ஆமாம் வாங்கினேன் என்று. தீர்ப்பாயத்து வராந்தாவில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு.